நூற்றுப் பதினெட்டுக் கிலோ என்று நம்பிய பைக்

கிருலப்பனையில் முழங்காலளவு வெள்ளத்துக்குள் என் ஸ்கூட்டர் இருமி இருமி நின்றுபோன நிமிடத்தில்தான் பைக் வாங்கும் எண்ணம் வந்தது. எனக்குப் பின்னால் வந்த ஒருவன், ஒல்லியான, உயரமான பைக் ஒன்றில் கால்களை விரித்தபடி, வெள்ளம் என்ற ஒன்றே இல்லாததுபோலக் கடந்து போனான். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பால் அவன் நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றியதும் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போய், என்ன பைக் என்று கேட்டேன்.

"சைனீஸ் எகக், நங்கி. பரக் நே," என்றான். சீனாவில் செய்தது, தங்கச்சி, பாரமே இல்லை.

எனக்கு இது வெறும் ஆசை அல்ல. தண்ணீர் பரிசோதிக்கும் தனியார் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். களனி ஆற்றங்கரை நெடுகப் போய் மாதிரி எடுக்கவேண்டும். வான் வண்டி கிடைக்காத நாட்களில், சேற்றில் போகக்கூடிய பைக் வைத்திருப்பவர்களைத்தான் அனுப்புவார்கள். என் ஸ்கூட்டர் பேலியகொடையைத் தாண்டி மண் பாதையில் இறங்கினால் புதைந்துவிடும். ஆகவே ஆற்றுக்குப் போகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். அவர்கள் கொண்டுவரும் போத்தல்களில் பெயர் ஒட்டுபவள் நான்.

அன்றிரவே வெள்ளவத்தை வீட்டில் தேடத் தொடங்கிவிட்டேன். தார் வீதியிலும் சேற்றிலும் ஓடும் இந்த வகைக்கு டூவல் ஸ்போர்ட் என்று பெயர். இந்தியத் தயாரிப்புகள் நூற்றைம்பது கிலோவுக்கு மேல். பழைய ஜப்பான் பைக்குகள் என்னைவிட மூத்தவை. சீனத் தயாரிப்பு ஒன்றுக்கு நேரே நூற்றுப் பதினெட்டு என்று போட்டிருந்தது. அந்த எண்ணை நான் தொலைபேசி இலக்கம்போல மனப்பாடம் செய்தேன்.

அப்பாவுக்குக் கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை. ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார்.

"வாங்கு. ஆனா விழுத்திப்போட்டு, ஒருத்தரும் கை குடுக்காமல் நிமித்திக் காட்டு. ஆத்தங்கரையில வந்து நான் தூக்கேலாது."

ஸ்கூட்டர் நூற்றாறு கிலோ. வாகனத் தரிப்பிடத்தில் இரண்டு வாரம் அதைச் சாய்த்துச் சாய்த்து நிமிர்த்திப் பழகினேன். இன்னும் பன்னிரண்டு கிலோ, அதுவும் ஒரு கணக்கா?

கொம்பனித்தெருவில் ஒரு முஸ்லிம் நானா அதே பைக்கை விற்க இருந்தார். புதன்கிழமை அரை நாள் லீவு போட்டேன். அவர் பைக்கை அப்பாவின் கடைக்கே ஓட்டி வந்தார்.

"இதின்ர நிறை என்ன நானா?" என்றார் அப்பா.

"பேப்பர்ல நூத்திப் பதினெட்டு போட்டீக்கி மொதலாளி. பஞ்சு மாதிரி ஈக்கும்."

"பேப்பரையோ நான் வாங்கிறன்? தராசில ஏத்துங்கோ."

ஆணி மூட்டை நிறுக்கும் தரைத்தராசு பைக்கின் நீளத்துக்குப் போதாது. பின் சில்லுக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை வைத்து, முன் சில்லை மட்டும் ஏற்றினோம். அறுபத்தேழு. பிறகு பின் சில்லு. எழுபத்தாறு.

கைபேசியில் கூட்டினேன். அழித்துவிட்டுத் திரும்பக் கூட்டினேன். நூற்று நாற்பத்து மூன்று!

"தராசு பிழை, அப்பா."

அவர் பிரிக்காத சீமெந்துப் பை ஒன்றைத் தூக்கி வைத்தார். சரியாக ஐம்பது காட்டியது.

"பிள்ளை, நீ பார்த்த நூற்றிப் பதினெட்டு சாக்கோடயோ, சாக்குக் கழிச்சோ?"

சாக்கு நிறையைக் கழிக்காமல் ஒரு கிலோ ஆணிகூட விற்காத கடையில் வளர்ந்தவள் நான். எந்த எடையைப் பார்த்தாலும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். பைக்குக்கு மட்டும் கேட்கவில்லை. கைபேசியில் அந்தப் பக்கத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினேன். அடியில் பொடி எழுத்தில் இருந்தது: பெற்றோல், எண்ணெய், பற்றரி நீங்கலாக. பற்றரி இல்லாத பைக்கை எவன் ஓட்டுகிறான்? போதாததற்கு நானா முன்னும் பின்னும் கீழும் அடிபடாமலிருக்க இரும்புக் காவல் கம்பிகள் அடித்து, பின்னால் இரும்புக் கரியரும் பூட்டியிருந்தார்.

என்றாலும் பைக்கை விழுத்தச் சொன்னேன். காட்போர்ட் மட்டைகள் விரித்து மெதுவாகச் சாய்த்தார்கள். ஹாண்டிலைப் பிடித்து இழுத்தேன். பாதிவரை வந்தது. பிறகு மட்டை வழுக்கியது, என் கால் வழுக்கியது, பைக் திரும்ப விழுந்தது.

"விடு! காலை எடு!" என்று அப்பா பாய்ந்தார். என் பாதத்துக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. பெற்றோல் நாற்றம். அவருடைய முகம் வெளிறிப் போனதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"நான் ஒரு நாளும் தனிய தூக்கல்ல புள்ள," என்றார் நானா. "உழுந்தா யாரையாச்சும் கூப்புடுவேன்."

"இதை இப்பதான் சொல்றீங்களோ, நானா?"

"நீங்க கேக்கல்லயே!"

மூவருமாகப் பைக்கை நிமிர்த்தினோம். அப்பா கையைத் துடைத்தார். "சரி. முடிஞ்சுது."

"முடியேல்லை," என்றேன். "நீங்கள் பைக்கைத்தான் தூக்கச் சொன்னீங்கள். ஒரு இரும்புக்கடையைத் தூக்கச் சொல்லேல்லை. இந்தக் காவலையும் கரியரையும் கழட்டிப்போட்டுத் தூக்கிறன்."

நானா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. "பெற்றோலையும் வடிக்கப் போறியோ? பெற்றோல் இல்லாமல் ஆத்துக்கு எப்பிடிப் போவாய்?"

அது நியாயம். பெற்றோலைத் தொடமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். அப்பா, "ஞாயிறு கடை பூட்டு. அண்டைக்கு இன்னும் ஒருக்காத் தூக்கிப் பார். சப்பாத்துப் போட்டுக்கொண்டு வா," என்றார். நானா ஞாயிறு வரை வேறொருவருக்கும் காட்டமாட்டேன் என்றார்.

ஞாயிறு காலையில் காவல்களையும் கரியரையும் நானே கழற்றி, ஒவ்வொன்றாகத் தராசில் வைப்பேன். பதின்மூன்று கிலோ குறையும் என்று நினைக்கிறேன், ஆனால் இனி நிறுக்காமல் நம்பமாட்டேன். காட்போர்ட் வேண்டாம், வெறும் சீமெந்துத் தரை. கைகளால் இழுக்காமல், சீற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, கால்களால் தள்ளிப் பின்னோக்கி நடந்து நிமிர்த்தப் பார்க்கப் போகிறேன்.