ஒரு வாய்த் தண்ணீர்

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். மலை என்று எல்லோரும் கூப்பிடும் அவனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நடித்த பதினெட்டுப் படங்களில் சட்டை கிடைத்தது இரண்டில்தான். கதவை உடைத்துக்கொண்டு வருவான், கதாநாயகனிடம் உதை வாங்குவான், விழுவான். வசனம் கொடுத்தால்தான் தகராறு. உனக்குப் பொய் சொல்லவே வரவில்லையேப்பா என்று இயக்குநர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். கேட்கும்போதெல்லாம் அவனுக்கு நெஞ்சு குறுகுறுக்கும். ஆணழகன் போட்டியில் அவன் சாம்பியன் ஆனதே ஒரு பொய்யால்தானே.

சுருட்டையும் அவனும் ஒரே ஜிம்மில் வளர்ந்தவர்கள். ஒருவன் பெஞ்சில் படுத்துத் தூக்கினால் மற்றவன் தலைமாட்டில் நின்று கம்பியைத் தாங்குவான். சுருட்டையின் உடம்புக்கு மலை ஒரு படி கம்மிதான். அது இருவருக்கும் தெரியும்.

போட்டிக்கு முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். உடம்பு வற்றித் தோல் ஒட்டினால்தான் தசை வரிவரியாகத் தெரியும். கால் இழுத்தால் இரண்டு பேரும் ஒரு வாய் குடித்துக்கொள்ளுங்கள் என்று கோச் மலையிடம் சொல்லி அனுப்பினார். மேடைக்குப் பின்னால் எண்ணெய் தடவும்போது சுருட்டை, கால் இழுக்கிறது, கொஞ்சம் குடிக்கலாமா என்று கேட்டான்.

"ஒரு சொட்டு கூடாதுடா. பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்" என்றான் மலை. பிறகு கழிப்பறைக் குழாயில் தான் மட்டும் குடித்தான், பாவி.

மூன்றாவது போஸில் சுருட்டைக்கு இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன. விழுந்ததில் முட்டி போயிற்று. போட்டிகளுக்கு அன்றோடு முழுக்கு. கோப்பை மலைக்கு. முன்வரிசையில் இருந்த ஓர் இயக்குநர் அவனைப் படத்துக்கு அழைத்துக்கொண்டார்.

இருபது வருடம் கழித்து, உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுவோம் என்று மலை சுருட்டையின் சைக்கிள் கடைக்குப் போனான். சுவரெல்லாம் மலையின் படங்கள். சுருட்டை நொண்டிக்கொண்டே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, தானே ஆரம்பித்தான்.

"உன் பேச்சைக் கேட்டிருக்கணும்டா. தாகம் தாங்காம வாய் கொப்பளிச்சேன். அதுல ஒரு சொட்டு உள்ள போயிருக்கும். அதான் கவுத்துடுச்சு."

மலை தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தான். "கோச் குடிக்கத்தான் சொன்னார்டா. நான் மறைச்சுட்டேன். நான் மட்டும் குடிச்சேன்."

சுருட்டை அவனையே பார்த்தான். பிறகு தோளில் தட்டி, மனைவியைக் கூப்பிட்டான்.

"இங்க வந்து பாரு. என் மனசு ஆறணும்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிறான். இவனுக்கா நடிக்க வராது?"

மலை இன்னொரு முறை சொன்னான். சுருட்டை இன்னும் சத்தமாகச் சிரித்தான்.