ஜகதீசனின் ஏர் டாக்ஸி

ஹைதராபாத் கொண்டாப்பூர் அலுவலக லிஃப்டுகளில் யார் அகப்பட்டாலும் ஜகதீசன் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "விஜயவாடாவுக்கு எதுல போறீங்க?" ரயிலில் என்று பதில் வந்தால், துக்கம் விசாரிப்பவரைப் போலத் தலையசைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டுவார். மூக்கில் ஒற்றை விசிறியுடன் குட்டி ரஷ்ய விமானம். "டர்போப்ராப் சார். ஏர் டாக்ஸி. ஆட்டோ மாதிரிதான், மீட்டர் சண்டை மட்டும் கிடையாது."

காஞ்சன்பாக் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ரஷ்யக் கையேடுகளை மொழிபெயர்த்து ஓய்வு பெற்றவர். அந்த மொழியை நம்பித்தான் விமானக் கம்பெனி அவரை ஏஜெண்ட் ஆக்கியது. நாலு வருஷமாக ஒன்றும் விற்கவில்லை. "ஒரு சைக்கிளாவது வித்துக் காட்டுங்க" என்பார் மனைவி மாதங்கி. இந்த முறையும் விற்காவிட்டால் ஏஜென்சி வேறு ஆளுக்கு என்று கம்பெனியும் சொல்லிவிட்டது.

பேகம்பேட்டை விமான நிலையத்துக்குக் கண்காட்சிக்காக விமானம் வந்தபோதுதான் அவரே அதை நேரில் பார்த்தார். இறக்கையைத் தடவிக்கொண்டே இரண்டு முறை சுற்றி வந்தார்.

வாங்க வந்தவர் சம்பந்தம். சாஃப்ட்வேர் முதலாளி, மூன்று தலைமுறையாக ஹைதராபாத், பெருத்த சரீரம். "கதவு கிழக்க பாக்கணும்பா. தெக்குன்னா நக்கோ, வேணவே வேணாம்."

"எந்தத் திசைக்கு வேணா திருப்பிக்கலாம் சார். வீட்டை இப்படித் திருப்ப முடியுமா?"

சம்பந்தத்துக்கு நியாயமாகப் பட்டது. ஒரு சுற்றுப் பறந்து பார்க்கக் கூட்டாளிகளோடு ஏறினார். ஜகதீசனும் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டார். ரஷ்ய விமானி திரும்பிப் பார்த்து, இந்தக் குண்டு மனிதர் பின்னால் இருந்தால் மூக்கு தூக்கிக்கொள்ளும், முன்னே வரட்டும்; அப்படியும் பாரம் அதிகம், ஒருவர் இறங்கட்டும் என்று ரஷ்ய மொழியில் கடுகடுத்தார்.

"கியா போல்தா? என்ன சொல்றாரு?" என்றார் சம்பந்தம்.

"பெரிய மனுஷங்க பைலட் பக்கத்துலதான் உக்காரணுமாம் சார். எல்லாருக்கும் தர மாட்டாங்களாம்."

"ஹவ், ஆமாமா!" சம்பந்தம் பூரித்து முன்னால் நகர்ந்தார். மீதியை ஜகதீசன் மொழிபெயர்க்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி, "ஒரு அவசர ஃபோன் சார்" என்று இறங்கிக்கொண்டார்.

விமானம் திரும்பி வந்ததும் சம்பந்தம் விமானியைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினார். "பாஷை தெரியாமலே பிரமாதமா பேசினாருப்பா! எடுத்துக்கறேன்."

ஜகதீசன் வீட்டுக்கு ஃபோன் செய்தார். விற்றாயிற்று என்றதும் மாதங்கி கேட்டார்: "நீங்களும் பறந்தீங்களா? எப்படி இருந்தது?"

"காது அடைச்சுக்கிட்டுது" என்றார் ஜகதீசன். சொல்லிவிட்டு, சுண்டுவிரலைக் காதில் விட்டுக் குடைந்துகொண்டார்.