அண்டி ஆபீசில் ஏது அட்டை?

பிள்ளை பெறுகிறவர்களுக்கு உதவுவதுதான் என் உத்தியோகம். பிள்ளை பிடிக்கிறவனைத் தேடும் வேலையும் அதில் சேர்த்திதான் என்று உத்தரவு கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை. அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு இது புரியும். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி, நாங்கள் இன்னும் மதராஸோடு சேராமல் இருந்த காலம். குழித்துறைக்குத் தெற்கே ஒரு சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரியில் நான் மிட்வைஃப். ஊர்க்காரர்களுக்கு நர்ஸம்மா.

சுடுதண்ணீர் கொண்டுவந்த பெண்

கடற்கரையில் திரேசம்மா என்பவளுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட்டது. சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தாள் மூத்த மகள் பிரகாசி. கொல்லத்தில் அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை என்றும், அம்மாவுடைய பிரசவத்துக்காக நாலு நாள் லீவில் வந்திருக்கிறாள் என்றும் சொன்னார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தோட்டின் எண்ணெய் பட்டு அவர்கள் விரலெல்லாம் கறுத்துப் பொரிந்திருக்கும். பிரகாசியின் விரல்களில் கறையே இல்லை. ஆனால் கணுக்காலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகப் புண் ஆறிய தழும்பு.

“இதென்ன பிள்ளே?” என்றேன். “கொசு கடிச்சது” என்று சேலையைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டாள். எனக்குக் கொசுக்கடியும் தெரியும், அட்டைக்கடியும் தெரியும். மழைக்காலத்தில் மலையடிவாரத்துக்குப் பிரசவம் பார்க்கப் போய் நானே கடி வாங்கியிருக்கிறேன். அட்டை ஈரக்காட்டில் இருக்கிற பிராணி. கொல்லத்துத் தொழிற்சாலைக்கு எப்படி வந்தது? தாயிடமே கேட்டேன். திரேசம்மா பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே சொன்னாள்: “கொல்லத்துல கடலு உண்டு, காயலு உண்டுன்னு சொல்லுகினும். அட்டையும் இருக்கும் நர்ஸம்மா, நான் கண்டேனா?”

சொன்னால் விடமாட்டார்கள்

மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்டப் போனபோது பிரகாசியைக் கிணற்றடியில் தனியாகப் பிடித்தேன். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். அப்புறம் அழுகை வந்தது, அதற்குப் பின்னால் கதையும் வந்தது. செல்லையன் என்ற ஆள்பிடிக்கிறவன் அண்டி ஆபீஸ் வேலை என்று சொல்லி, கடற்கரையிலிருந்து நாலைந்து பெண்களைக் கூட்டிப் போயிருக்கிறான். பஸ் வடக்கே கொல்லத்துக்குப் போகாமல் மலைக்கு ஏறியிருக்கிறது. இறங்கிக் காட்டுக்குள் நடந்தால் ஒரு ரப்பர் தோட்டம். பகலெல்லாம் வேலை, பொழுது சாய்ந்தால் வெளியே பூட்டு. இடத்தின் பெயர்கூட அவளுக்குத் தெரியவில்லை.

“வீட்டுக்கு வந்தாச்சே, இனி போகாண்டாமே” என்றேன். அவளுடைய சித்தப்பா மகள் சலேத் அங்கேயே இருக்கிறாளாம். இவள் திரும்பி வரவேண்டும் என்பதற்காக அவளை லீவு கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டில் சொன்னால் திரும்பிப் போக விடமாட்டார்கள் என்றுதான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லையாம். நான் என்ன சொல்லியும் பிரகாசி தலையாட்டவில்லை. “செல்லையன் நாளைக்குக் கூட்ட வருவான். நான் போகல்லேண்ணா சலேத்துக்க கதி என்ன அக்கா?”

யாருடைய வேலை

முதலில் போலீஸ் ஸ்டேஷனில் தங்கப்பன் ஏட்டிடம் போனேன். நல்ல மனிதர். “பெண்ணைக் காணோம்ணு தகப்பன் புகார் தரணுமே” என்றார். சலேத்தின் தகப்பன், “காணாமப் போகல்லியே, வேலைக்கல்லவா போயிருக்கா” என்றான். வரி வாங்குகிற பார்வத்தியகாரரிடம் போனேன். மலை தன்னுடைய பகுதி இல்லை என்று, ஜன்னலைத் திறந்து மலை இருக்கிற திசையையும் காட்டினார். எங்கள் டாக்டரோ, “ஆஸ்பத்திரிக்கு வராத நோயாளியை நான் என்ன செய்ய?” என்றார். ஒருவர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடற்கரை மாதாகோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் சூசை மட்டும் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டார். திருநாளுக்கு வராத பெண்கள் யார் யார் என்று அவருக்கு மனப்பாடம். அவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஏட்டிடம் போனேன். உபதேசியார் பெயர்களைச் சொன்னார், நான் அட்டைக்கடியைச் சொன்னேன். செல்லையனை மலைக்குப் போகிற பேச்சிப்பாறை பஸ்ஸில் அடிக்கடி பார்ப்பதாக ஏட்டு தானே ஒப்புக்கொண்டார். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “எல்லாருக்கும் பாதி பாதி தெரியும் சிஸ்டரே. முழுசாத் தெரிஞ்சவன் செல்லையன் ஒருத்தன்தான்.”

தொற்றுக் காய்ச்சல்

பிரகாசியை மலைக்கு அனுப்பவும் கூடாது, அனுப்பவில்லை என்று செல்லையனுக்குத் தெரியவும் கூடாது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்துவிட்டேன். நோயாளி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டதால் டாக்டருக்கு இப்போது உற்சாகம். அவளை ஒரு கட்டிலில் படுக்கவைத்து, கழுத்துவரை போர்த்தி, காய்ச்சல் என்று அறிவித்துவிட்டார். செல்லையன் ஒரு சீப்பு ரசகதலிப் பழத்தோடு வந்தான். வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. “எனக்க மகளைப் போல உள்ள பிள்ளை” என்று கட்டிலை நெருங்கினான்.

டாக்டர் வழியை மறித்தார். “தொட்டால் ஒட்டும். தொட்டவருக்கும் ஊசி போடணும்” என்று பெரிய ஊசி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். செல்லையன் வாசல்வரை பின்வாங்கினான். ஆனால் ஊரைவிட்டுப் போகவில்லை. குணமானதும் கூட்டிப் போகலாம் என்று எதிர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்து பெஞ்சில் சாதாரண உடுப்பில் ஒரு போலீஸ்காரரும் உட்கார்ந்தார். அவன் கேட்டது எங்களுக்கு உள்ளேவரை கேட்டது: “காய்ச்சல் இறங்க எத்தனை நாளாகும் டாக்டர் சாரே?”

கண்டக்டரின் ஞாபகம்

பெண்கள் எங்கே இறங்கினார்கள் என்று மலை பஸ் கண்டக்டரிடம் ஏட்டு கேட்டார். மாதக்கணக்காகிவிட்டது, மறந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் வளைவைச் சொன்னார், வளைவில் நிற்கிற அயனிமரத்தைச் சொன்னார், அங்கிருந்து எந்தப் பாதை எந்தத் தோட்டத்துக்குப் போகிறது என்பதையும் சொன்னார். எப்படி ஐயா இவ்வளவு ஞாபகம் என்று கேட்டேன். “அந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தோணியில ஆடும்போ வராத வாந்தி எனக்க பஸ்ஸுல வந்துட்டு சிஸ்டரே. கழுவினவன் மறப்பானா?”

அம்மை குத்தப் போனோம்

தனியார் தோட்டத்துக்குள் போலீஸ் நுழைந்தால், கேட்டில் பேசி முடிப்பதற்குள் ஆட்களைக் காட்டுக்குள் ஓட்டிவிடுவார்கள். வழி சொன்னவர், பெரியம்மை வராமலிருக்க ஊர் ஊராகப் போய் அம்மை குத்துகிற சர்க்கார் ஆள் சங்கரன். “பெரியம்மைக் காலத்துல எனக்கு எந்தக் கேட்டும் அடையாது” என்றார். அந்த எல்லைக்குரிய ஸ்டேஷனிலும் சொல்லி, இரண்டு போலீஸ்காரர்களைப் பாதையில் நிறுத்திவிட்டு நாங்கள் ஏறினோம். சங்கரன், நான், முகம் பார்த்து அடையாளம் சொல்ல உபதேசியார், அப்புறம் தலையில் துண்டைக் கட்டி மருந்துப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஏட்டு. பெட்டியில் கனமே இல்லை. ஆனால் அவர் விட்ட பெருமூச்சு பாறையைத் தூக்குகிறவன் விடுகிறது.

தோட்டத்து மேஸ்திரி எல்லாரையும் வரிசையாக நிறுத்தினான். சங்கரன் ஒவ்வொரு கையாகக் குத்திக்கொண்டு போனார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உபதேசியார் என்னைப் பார்த்து இல்லை, இல்லை என்று தலையசைத்தார். கடற்கரைப் பெண் ஒருத்தியும் வரிசையில் இல்லை. “இவ்வளவுதான் ஆளு” என்றான் மேஸ்திரி. சற்றுத் தள்ளி, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற கட்டடம் பூட்டிக் கிடந்தது. புகை வரவில்லை. எனக்கு அது உறுத்தியது. ஆனால் பூட்டின கதவைத் திற என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது? இறங்கிப் போய்விட்டால் பிறகு இவர்களைக் கண்டுபிடிக்கவே முடியாது.

அப்போது உபதேசியார் சட்டென்று கிழக்குப் பார்த்து நின்று, சிலுவை போட்டு, உரத்த குரலில் மத்தியான ஜெபத்தைத் தொடங்கினார். இந்த நேரத்தில் இந்த மனிதர் என்ன செய்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. முதல் பாதியைச் சொல்லி மூச்சு வாங்க நிறுத்தினார். கோயிலில் ஜனங்கள் பதிலாகச் சொல்கிற மறுபாதி அந்தப் பூட்டின கட்டடத்துக்குள்ளிருந்து வந்தது, பெண்குரல்களில், மெலிந்து, ஒன்றாக. மேஸ்திரியின் முகம் வெளுத்துப்போயிற்று. ஏட்டு பெட்டியைக் கீழே வைத்து, தலைத்துண்டை அவிழ்த்து, “நான் ஏட்டு. சாவியை எடு” என்றார். கதவு திறந்ததும் முதலில் வந்தவள் சலேத். வெளிச்சத்தில் கண் கூசிக்கொண்டே, நின்றுபோன ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தாள்.

இறங்கும்போது ஏட்டுக்குத் தாங்கவில்லை. “உபதேசியாரே, என்ன ஒரு தந்திரம் வே!” என்றார். உபதேசியார் திகைத்துப்போனார். “தந்திரமா? உச்சி நேரம் ஆயிட்டுல்லா ஏட்டே, அதான்.”

வக்கீலின் கேள்வி

காப்பிக்கடை பெஞ்சிலேயே செல்லையனைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் ஊருக்குத் திரும்பிய பெண்களுக்கு அதோடு தீரவில்லை. மலையில் என்னென்ன நடந்திருக்குமோ என்று வேலிக்கு வேலி பேச்சு. சலேத் வெளியே வருவதையே நிறுத்திவிட்டாள். கோர்ட்டில் சாட்சி சொல்லாண்டாம் என்று தகப்பனும் தடுத்தான். திரேசம்மாதான் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், “எனக்க மவ சொல்லப்போறா, உனக்க மவ ஒளிஞ்சு இருக்கப்போறாளா?” என்று கொழுந்தனை ஒரு பிடி பிடித்தாள்.

கோர்ட்டில் செல்லையனுடைய வக்கீல் நல்ல கெட்டிக்காரர். உன்னை யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா, கையைக் கட்டினார்களா, நீயாகத்தானே பஸ்ஸில் ஏறினாய் என்று சலேத்திடம் அடுக்கினார். நான் கடைசி வரிசையில் சேலைத் தலைப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன். சலேத் கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி வக்கீலை நேராகப் பார்த்தாள். வழக்கு முடிந்தபோது செல்லையனுக்கும் மேஸ்திரிக்கும் ஜெயில் கிடைத்தது. தோட்டத்து முதலாளி தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டுக் காரில் போனார். ஆனால் அன்றைக்குக் கோர்ட்டு கப்சிப்பென்று அடங்கியது அவள் பதிலில்தான்: “ஏறினது எனக்க காலுதான் வக்கீலே. பூட்டினது அவனுவளுக்க கையி.”

அதற்குப் பிறகு எங்கள் தாலுகாவில் எந்த ஆபீசுக்கு யார் புகாரோடு போனாலும், “இது எங்க வேலை இல்லை” என்று சொல்வதற்கு முன்னால் உத்தியோகஸ்தர்கள் ஒரு தடவை தொண்டையைக் கனைத்து யோசித்தார்கள். அரசாங்கத்தில் இதற்குப் பெயர் பெரிய முன்னேற்றம்.