வக்கீலுக்கு வீடு

சென்னையில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கு ஒப்பந்தம் எழுதிப் பேர் வாங்கிய ஜெசிந்தாவை, அவளுடைய சட்ட நிறுவனம் திண்டிவனம் கிளைக்குத் தலைமை வக்கீலாகப் போட்டது. சிப்காட்டில் தொழிற்சாலைகள் வரவர, அங்கே ஒரு மூத்த ஆள் தேவைப்பட்டது. கூட வேலை பார்த்தவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்தார்கள். அவளுக்கோ வாய்கொள்ளாச் சிரிப்பு. சென்னைக்கு வரவே மாட்டேன் என்று வானூர் பக்கத்துக் காலனி வீட்டில் தனியாகக் கிடக்கும் அம்மா மதலைமேரி, திண்டிவனம் என்றால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். இனி வீடுதான் பாக்கி.

அந்த வீடுதான் கிடைக்கவில்லை. லாட்ஜில் தங்கிக்கொண்டு சாயங்காலம்தோறும் தெருத்தெருவாக அலைந்தாள். என்ன வேலை என்று கேட்பார்கள். சொன்னதும் முகம் மாறிவிடும். வக்கீலையும் போலீசையும் குடிவைத்தால் கிளப்ப முடியாது என்பது வீட்டுக்காரர்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. கோர்ட் வாசலை மிதித்தே பல வருஷமாயிற்று என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாகப் பார்த்த வீடு மனசுக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்காரி தையல்நாயகி, நிலபுலம் உள்ள குடும்பத்துக்காரி. "எந்த ஊரு?" என்றாள். அந்தக் கேள்விக்குள் சாதி என்ன என்ற இன்னொரு கேள்வி இருப்பது ஜெசிந்தாவுக்குத் தெரியாதா? சுற்றி வளைக்கப் பிடிக்கவில்லை.

"வானூர் பக்கங்க. காலனி."

தையல்நாயகி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "அது கெடக்கட்டும். நீ வக்கீலாமே. முன்ன குடியிருந்த வக்கீலு என்னைய கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைய விட்டுட்டான். ஒரே பேஜாரா போச்சு" என்றாள்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. வக்கீல் என்பதற்காக மட்டும் ஒருத்தி தன்னைத் தள்ளி நிறுத்துகிறாள். அது சந்தோஷமாகக்கூட இருந்தது. "நானே அக்ரிமெண்ட் எழுதித் தர்றேங்க. நீங்க கேட்டதும் காலி பண்றேன்னு போட்டே தர்றேன்."

"வக்கீலு எழுதுன பேப்பர வச்சிக்கினு நான் என்னா பண்றது? பெரியவங்க யாருனா இருந்தா கூட்டியா."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மதலைமேரி வந்தாள். தையல்நாயகி போன்றவர்களின் கடலைக்காட்டில் மல்லாட்டை பிடுங்கி, கொல்லைப்புறத்தில் நின்று கஞ்சி வாங்கிக் குடித்தவள். முன்வாசலைத் தாண்டக் கால் வரவில்லை.

"உள்ள வாங்க, உக்காருங்க," என்றாள் தையல்நாயகி. "உங்க பொண்ணு சொன்ன சொல்லு தவறாதே?"

மதலைமேரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "தவறாதுங்க. தவறுனா சாமான எல்லாம் நானே தூக்கி ரோட்டுல வச்சிடறேன்."

தையல்நாயகிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். ஜெசிந்தா கையை நீட்டினாள். தையல்நாயகி அதைக் கண்டுகொள்ளாமல் மதலைமேரியின் கையில் சாவியைக் கொடுத்தாள்.

"உங்கள நம்பித்தான் குடுக்கறேன்."

மதலைமேரி சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க மகள் பக்கம் திரும்பி அதட்டினாள்: "ஒழுங்கா இருக்கணும்டி."

"சரிம்மா," என்றாள் தலைமை வக்கீல்.