நாற்பத்திரண்டு பவுண்டு வில்

மான் அறுப்பதில் எங்கள் ஊரான ஆஸ்பென் ஃபால்ஸில் வெண்டல் ஹலாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. வாயிலும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக நார்ப் சோபோட்டாவின் இறைச்சிக் கடையில் கத்தி பிடிக்கிறான். ஊரார் வேட்டையாடிக் கொண்டுவரும் மானைத் தோலுரித்து, எலும்பு நீக்கி, துண்டு போட்டு, சாசேஜ் அடைத்துக் கொடுப்பது தொழில். கொண்டுவந்தவனைக் கிழித்துத் தொங்கவிடுவது உபதொழில். அதற்குக் கூலி இல்லை, ஆனால் அதைத்தான் அவன் மனசு வைத்துச் செய்தான்.

கடையில் ஒவ்வொரு மானுக்கும் ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. வேலை முடியும்வரை கம்பியில் தொங்கும், பிறகு இறைச்சியோடு வீட்டுக்குப் போகும். மேலே பேர். நடுவில் என்னென்ன வேண்டும் என்ற கணக்கு. கீழே 'அடி எங்கே' என்று ஒரு கட்டம். எந்தப் பக்கத்து இறைச்சி சேதம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. அந்தக் கட்டத்தில் வெண்டல் எழுதுவதைப் படிக்கத்தான் பாதி ஊர் கடைக்கு வரும். 'இவர் மானை அடிக்கவில்லை, அது தின்ற காலைச் சாப்பாட்டை அடித்திருக்கிறார்.' எனக்கு ஒரு வருஷம் எழுதினான்: 'மான் வயதாகிச் செத்திருக்கிறது. குண்டு பிறகு பட்டது.' என் மனைவி அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மூன்று வருஷம் எடுக்கவில்லை.

இத்தனை பேசியவன் தன் ஆயுளில் ஒரு மான்கூட அடித்ததில்லை. நவம்பரில் துப்பாக்கி வேட்டை ஒன்பதே நாள். அந்த ஒன்பது நாளும் ஊரே காட்டில் இருக்கும், வெண்டல் மட்டும் முழங்கை வரை ரத்தத்தோடு கடையில் இருப்பான். சின்ன வயதிலோ அப்பாவின் பால்பண்ணை. வேட்டைக்கு மாடு லீவு கொடுக்குமா?

போன நவம்பரில்தான் வினை வந்தது. கூட வேலை பார்க்கும் லைல், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது, தலைக்கு மேலே ஓடும் கம்பியைக் காட்டிக் கேட்டான்:

"டேய் வெண்டல், இந்தக் கம்பியில எத்தனை ஆயிரம் சீட்டு தொங்கியிருக்கும்? அதுல உன் பேர்ல ஒண்ணு உண்டா?"

"அடுத்த வருஷம் தொங்கும்."

"தொங்கலைன்னா?"

"தொங்கலைன்னா அந்தக் கட்டத்துல இனிமே ஒரு எழுத்து எழுத மாட்டேன். போதுமா?"

போதும் என்று இருபது பேரும் கை தட்டினார்கள். முதலாளி நார்ப் சுவர்க் காலண்டரில் பெரிய பேனாவால் எழுதியே வைத்துவிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா?

ஆனால் வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது வெண்டலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் உள்ளவன் பேரையெல்லாம் எழுதிய கை. தன் பேரை ஒரே ஒரு தடவை எழுதிக் கம்பியில் மாட்ட வேண்டும் என்று அவனுக்கு உள்ளபடியே ஆசையாக இருந்தது. நாற்பத்தேழு வயதுக்காரன் இதை யாரிடம் போய்ச் சொல்வான்? அவனுக்கே வெட்கமாக இருந்தது.

துப்பாக்கிக் காலத்தில் கடையை விட முடியாது. மிச்சம் இருப்பது வில். வில்வேட்டை செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். மனைவி டார்லீனிடம் மெதுவாகப் பேச்செடுத்தான்.

"இருநூத்தம்பது டாலர்," என்றாள் டார்லீன். "அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. வாட்டர் ஹீட்டர் இப்பவோ அப்பவோன்னு கிடக்கு."

புது வில் எண்ணூறுக்குக் குறைந்து இல்லை. அதனால் எங்கள் ஊரில் எல்லோரும் போகும் இடத்துக்கே அவனும் போனான்: மளிகைக் கடை வாசலில் இருக்கும் விளம்பரப் பலகை. அங்கே ஒரு சீட்டு. 'வில். எழுபது பவுண்டு. நூற்றுத் தொண்ணூறு டாலர்.' வில்லின் வலுவைப் பவுண்டில்தான் சொல்வார்கள். நாணை முழுசாக இழுக்க அத்தனை பவுண்டு பாரம் தூக்குகிற பலம் வேண்டும். இன்னொரு சீட்டும் பக்கத்தில் இருந்தது. 'நாற்பத்திரண்டு பவுண்டு. ஒரே ஆள் வைத்திருந்தது.' வெண்டல் அதைப் பார்க்கக்கூட இல்லை. மான் காலை ஒரு கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிறவன், நாற்பத்திரண்டை வைத்துக்கொண்டு பல் குத்துவதா?

எழுபதை வாங்கினான். அதைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் அந்த வில்லை வாங்காத ஆம்பிளை குறைவு. ஒவ்வொருவனும் மூன்று மாதம் வைத்திருப்பான், பிறகு அதே பலகையில் அதே சீட்டை ஒட்டுவான். ஒருத்தனாவது அதை முழுசாக இழுத்தான் என்று வரலாறு இல்லை. நானும் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

வெண்டல் கொல்லைப்புறத்தில் வைக்கோல் கட்டுக்கு முன்னால் நின்று இழுத்தான். பாதிதான் வந்தது. வில்லை வானத்துக்குத் தூக்கி, இடுப்பை வளைத்து, பல்லைக் கடித்து, முனகி இழுத்தான். சமையலறை ஜன்னலிலிருந்து டார்லீன் கேட்டாள்:

"வெண்டல், விமானம் எதையாவது அடிக்கப் போறியா?"

நாண் கைநழுவி, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலை வழித்துக்கொண்டு போனது. கை கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. குளிர் அறைக் கதவில் இடித்துக்கொண்டதாகக் கடையில் சொன்னான். "கதவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றான் லைல்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று ஜூலையில்தான் உறைத்தது. எழுபதை நூற்றுப் பத்துக்கு அடுத்த வீரனிடம் தள்ளிவிட்டான். கையில் நூற்றெழுபது மிச்சம். பலகையில் அந்த நாற்பத்திரண்டு இன்னும் இருந்தது. போனில் யாரோ ஒரு பெண் வழி சொன்னாள், போய் வண்டியை நிறுத்தினான். கதவைத் திறந்தது ஆர்டிஸ் நூட்சன். வெண்டலுக்குக் கால் திரும்பி வண்டிக்கே போகப் பார்த்தது.

காரணம் உண்டு. ஆர்டிஸ் முப்பது வருஷம் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவள். பதினொரு வருஷமாக, அக்டோபரில் ஒரு மான், ஆர்டிஸ் பேரில் கடைக்கு வரும். ஒரே ஓட்டை. முன்காலுக்குப் பின்னால், இரண்டு நுரையீரலையும் துளைத்து. ஒரு பிடி இறைச்சிகூட வீண் போயிருக்காது. இதை இவளா அடிப்பாள், புருஷன் ஓர்வில் அடித்து இவள் பேரில் எழுதுகிறார் என்று வெண்டல்தான் முதலில் சொன்னான். "நான் வண்டி ஓட்டறவன்தான்பா" என்று ஓர்வில் வருஷா வருஷம் சொல்வார். என்ன அடக்கம் பார், என்று நாங்கள் எல்லோரும் அவர் முதுகில் தட்டுவோம். ஒரு வருஷம் ஓர்வில் இடுப்பு எலும்பு ஆபரேஷனாகி ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த அக்டோபரிலும் மான் வந்தது, அதே இடத்தில் ஓட்டை. 'ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக அடித்திருக்கிறார்' என்று வெண்டல் சீட்டில் எழுதினான். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறியது.

"வா வெண்டல்," என்றாள் ஆர்டிஸ். "தோள்ல ஆபரேஷன் பண்ணியாச்சு. இனி எனக்கு, துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தற குறுக்குவில்தான் சரி. இது யாருக்காவது உதவட்டும்."

தொழுவத்துக்குள் கூட்டிப்போனாள். வில் ஆணியில் தொங்கியது. இரண்டு முனையிலும் சக்கரம் வைத்த நல்ல வில். நிறம்தான் ரோஸ். இலை இலையாக ரோஸ். வெண்டல் அதைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான்.

"மானுக்கு இந்த நிறம் தெரியாது," என்றாள். "உனக்குத்தான் தெரியுது. கையை விரி."

சுவரோடு நிறுத்தி இரண்டு கையையும் விரிக்கச் சொல்லி டேப்பால் அளந்தாள். "என் அளவுதான். ஒரு வில்லு எவ்வளவு தூரம் பின்னால இழுபடணும்னு கை நீளம்தான் சொல்லும். நீ வாங்கின அந்த எழுபது, ஆறடி நாலங்குல ஆளுக்குச் செஞ்சது."

"நான் வாங்கினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாருதான் வாங்கலை?" ஒரு பால் வாளியைக் கவிழ்த்தாள். "இதுல உக்காரு. ரெண்டு காலையும் தரையில இருந்து தூக்கு. இப்ப வில்லை நேரா பிடிச்சு, மெதுவா இழு. மேல தூக்காம, முனகாம வந்தா அது உன் வில்லு. வரலைன்னா எவன் என்ன சொன்னாலும் வாங்காத."

வாளியில் உட்கார்ந்து, கால் இரண்டும் அந்தரத்தில் ஆட, ரோஸ் வில்லோடு வெண்டல். லைல் மட்டும் இதைப் பார்த்தால் ஊரை விட்டே போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டான். நாண் வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது.

"இது மானைத் துளைக்குமா?" என்றான்.

"அதை நீ சொல்லு. இருபத்திரண்டு வருஷமா அறுக்கறவன் நீ. விலா எலும்புக்கு நடுவுல சதை எவ்வளவு கனம்?"

ஒரு விரல் கனம். அவனுக்குத் தெரியாதா? வெண்டல் வாளியிலிருந்து எழுந்தான். அப்போதுதான் தொழுவத்துக் கோடியில் இருந்த வைக்கோல் கட்டைப் பார்த்தான். அதில் மஞ்சளாகப் பதினொரு சீட்டு, வரிசையாகக் குத்தியிருந்தது. எல்லாம் அவன் கையெழுத்து. 'பேர் ஆர்டிஸ், கை ஓர்வில்.' 'ஓர்விலுக்கு என் வணக்கம்.' ஆஸ்பத்திரி ஜன்னலும் இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் அடிக் கட்டத்துக்கு நடுவில் அம்பு துளைத்த ஓட்டை.

"பழகறதுக்கு ஏதாவது குறி வேணுமில்ல?" என்றாள் ஆர்டிஸ்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். ஊரையே கிழித்த வாயில் 'விலை என்ன?' என்பதுதான் வந்தது. நூற்றைம்பது டாலரை எண்ணிக் கொடுத்தான். ஆறு அம்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "எட்டி வச்சா இருபது எட்டு தூரம். அதுக்குள்ள மான் நின்னா அடி. இருபத்தோராவது எட்டுல நின்னா டாட்டா காட்டிட்டு வீட்டுக்கு வா."

இரண்டு மாதம் பழகினான். செப்டம்பர், அக்டோபர் முழுக்க டாட்டா காட்டினான். துப்பாக்கி வேட்டைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, விட்டால் அவ்வளவுதான் என்ற காலையில், ஒரு பெண்மான் பதினெட்டு எட்டில் வந்து பக்கவாட்டில் நின்றது. இழுத்தான், குறி பார்த்தான், விடும் நேரத்தில் கை கொஞ்சம் ஆடியது. மான் முதுகை வளைத்துத் துள்ளி ஓடிவிட்டது.

தரையில் கிடந்த அம்பை எடுத்துப் பார்த்தான். ரத்தம் கருஞ்சிவப்பு. நுரை இல்லை. நுரையீரல் இல்லை, ஈரல். பின்னால் பட்டுவிட்டது. துரத்தினால் ஓடி ஓடி எங்கோ கிடந்து வீணாகச் சாகும். நாலு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். வண்டியில் உட்கார்ந்து நாலு மணி நேரமும் தன்னைத் திட்டினான். அவன் எழுதிய கட்டங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருப்பார்கள்! அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

நூற்றைம்பது எட்டுக்கு அப்பால், புதர் ஓரத்தில் படுத்தபடி செத்திருந்தது. முட்டி போட்டு அதன் கழுத்தில் கை வைத்தான்.

மதியம் கடைக்குக் கொண்டுவந்தபோது வரிசையில் ஏழெட்டுப் பேர். நார்ப் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார், மஞ்சள் சீட்டில் பேரை எழுதினார். லைல் மட்டும் வெளியே போய் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, போர்வைக்குள் மறைத்து வைத்திருந்த வில்லைத் தூக்கிக்கொண்டு வந்தான். வில்லின் ரோஸ் உடம்பில் கறுப்பு மையால் ஒரு பேர் எழுதியிருந்தது.

"வில்லுல ஆர்டிஸ் பேரு. சீட்டுல இவன் பேரா?" லைல் கூத்தாடினான். "டேய், அந்தம்மா அடிச்சதை உன் பேர்ல எழுதறியா?"

கடை அதிர்ந்தது. யாருடைய கேலி அது? வெண்டலுடையதுதான். சொல்லுக்குச் சொல் அவனுடையது. நான்தான் அடித்தேன் என்றான். ஆமாமா, என்றார்கள். சத்தியம் செய்தான். என்ன அடக்கமில்லாத பயல், என்றார்கள். தன் பேர் கண்ணெதிரே நார்ப் கையில் இருக்கிறது, அதை ஒருத்தனும் நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்து ஆர்டிஸும் ஓர்விலும் கடைச் சாசேஜ் கொஞ்சம் வாங்க உள்ளே வந்தார்கள்.

"ஆர்டிஸ், நீங்களே சொல்லுங்க," என்றார் நார்ப். "இதை யார் அடிச்சது?"

ஆர்டிஸ் கையுறையைக் கழற்றினாள். வெண்டலைப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் தீர்ந்தது, பதினொரு வருஷத்துக் கடன். மானிடம் போய், ஓட்டைக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். பிறகு அங்கிருந்து நாலு விரல் முன்னால் அளந்து காட்டினாள்.

"நான் அடிச்சிருந்தா ஓட்டை இங்க இருக்கும். அங்க எதுக்கு இருக்கப் போகுது? வெண்டலையே கேளுங்க. என்னோடது பதினொண்ணு பாத்திருக்கான்."

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது.

"ஆமா," என்றான் வெண்டல். "பதினொண்ணும் அங்கதான் இருந்துது. பதினொண்ணையும் அடிச்சது அவங்கதான். ஓர்வில் ஆஸ்பத்திரியில கிடந்த வருஷமே எனக்குத் தெரியும். ஜோக்கு நல்லா ஓடுச்சு, விட மனசு வரலை. தப்பு என்மேலதான் ஆர்டிஸ். மன்னிச்சுக்கோங்க."

"நான் வண்டி ஓட்டறவன்னு வருஷா வருஷம் சொன்னேனே," என்றார் ஓர்வில்.

யாரும் சிரிக்கவில்லை. நானும் என் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டிஸ், நார்ப் கையிலிருந்த சீட்டை வாங்கி, பேனாவோடு வெண்டலிடம் நீட்டினாள்.

"கட்டம் காலியா இருக்கு பாரு," என்றாள்.

வெண்டல் சீட்டை மேஜையில் வைத்து, குனிந்து, நிறுத்தி நிதானமாக எழுதினான். ஏணியைப் போட்டு ஏறித் தன் கையாலேயே கம்பியில் மாட்டினான். மேலே அவன் பேர். கீழே கட்டத்தில்: 'நாலு விரல் பின்னால். அடித்தது நானேதான்.'