முன் அச்சில் விழுந்த அடி

தாராவியில் பட்டறை வைத்திருந்த பூலோகத்திடம் அடி வாங்காத லாரி டிரைவர்கள் குறைவு. பிரேக்கைக் கவனிக்காமல் எவனாவது வண்டி கொண்டுவந்தால் முதலில் கன்னத்தில் ஒன்று விழும். அப்புறம்தான் சக்கரத்தைக் கழற்றுவார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். குர்லாவில் ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகள் குவிந்து கிடந்த டிஸ்போசல் யார்டில், பஞ்சாபி ஃபிட்டர்களிடம் தொழில் படித்தார். அதனால் ஸ்பேனர் கைக்கு வந்ததும் அவர் வாயில் தமிழ் வராது. பிடி என்றால் ‘பகட்’, அடி என்றால் ‘மார்’. சண்டை மட்டும் திருநெல்வேலித் தமிழில்தான்.

கூட வேலை செய்த கண்பத் ரத்னகிரி மராத்திக்காரர். பட்டறைக்கு டிரைவர், பாதி மெக்கானிக். பூலோகத்தோடு பல வருஷம் இருந்ததில் தமிழ் பேசுவார்; திட்டுவதென்றால் அசல் திருநெல்வேலிதான்.

1969 பிப்ரவரியில் ஊர் எரிந்தது. மராத்திக் கும்பல்கள் தமிழர்களைத் தேடித் தேடி அடித்தன. மதராசிக் கடை என்று தெரிந்தால் முதலில் கல், பிறகு தீ. ரயில் நின்றது, டாக்ஸிகள் மறைந்தன. திலக் நகரிலிருந்து தண்டவாளத்தோரமாக ஓடிவந்த பால்காரர் ஒருவர் பட்டறை வாசலில் மூச்சு வாங்கியபடி நின்றார். பூலோகத்தின் அக்கா செண்பகவல்லி அங்கே வேலைக்குப் போகும் ஆண்களுக்குச் சாப்பாடு போட்டுப் பிழைப்பவள். அவள் வீட்டு முன்கதவைக் கொளுத்திவிட்டார்கள் என்றார். பிள்ளைகளோடு பின்அறையில் தாழ்போட்டுக் கிடக்கிறாள். பொழுது சாய்வதற்குள் திரும்பி வருவோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பட்டறையில் நின்றது ஒரே வண்டி: தோல் கிட்டங்கி கரீம் பாட்சாவின் யுத்த காலத்து லாரி, நாலு சக்கரமும் இழுக்கிறது. அதிலும் முன்பக்க அச்சின் ஆயில் சீல் தேய்ந்து, ஆயில் இடது சக்கரத்துக்குள் கசிந்து பிரேக் கட்டையை நனைத்திருந்தது. மிதித்தால் வலதுபக்கம் பாயும்.

“இப்படியே போலாம் பூலோக். நான் ஓட்றேன். என்கிட்ட எவன் கேக்கப் போறான்?” என்றார் கண்பத்.

“வழியில நிப்பாட்டுவானுவ. நிக்காம எவன் மேலயாவது ஏறுச்சுன்னா, நம்மள வண்டியோட சேத்துக் கொளுத்துவான். பெறவு அக்காவுக்கு யாரு? சக்கரத்தைக் களத்து.”

கரீம் பாட்சா எண்ணெயில் ஊறிய புதுத் தோல் சீல்களைக் கொண்டுவந்து வைத்தார். “வண்டி எரிஞ்சா எரியட்டும் தம்பி, பிள்ளைகளக் கொண்டாந்து சேரு,” என்று சொல்லிவிட்டுக் கிட்டங்கியைப் பூட்ட ஓடினார்.

பிரேக் கட்டைகளைத் தகரத்தில் போட்டு, பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தார் பூலோகம். ஊறிய ஆயில் கரும்புகையாகப் போனது. பழைய சீல்தான் வரவில்லை. அச்சுக் குழாய்க்குள் துருவோடு இறுகியிருந்தது. தகரக் கதவைச் சாத்திவிட்டு, கண்பத் உளியை அதன் விளிம்பில் வைத்துப் பிடிக்க, பூலோகம் சம்மட்டியை வீசினார்.

“மார்! அவுர் மார்! ஜோர்சே மார்!”

ஒவ்வொரு வீச்சுக்கும், இன்னும் ஓங்கி அடி என்று கண்பத் கத்தினார். சம்மட்டி வழுக்கியது. பூலோகத்தின் விரல் முட்டி ஸ்பிரிங் பட்டையில் மோதித் தோல் உரிந்தது. “ஐயோ” என்று கையை இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

சந்து முனையில் இரும்புக் குழாயோடு காவல் நின்றவன் செல்லப்பாண்டி. ஊரிலிருந்து வந்து ஒரு மாதம்தான்; கண்பத்தை அவன் பார்த்ததில்லை. இந்தியில் அவன் அறிந்த ஒரே சொல் ‘மார்’. அதையும் அந்த வாரம், அடிக்க வந்த கூட்டத்தின் கத்தலில்தான் கற்றிருந்தான். கதவை உதைத்துத் திறந்தான். ரத்தம் சொட்டப் பூலோகம் குனிந்திருக்க, பக்கத்தில் உளியோடு ஓர் அந்நியன் நிற்பதைப் பார்த்தான். குழாய் கண்பத்தின் மண்டையில் இறங்கியது. அடுத்த அடியைத் தடுத்த இடது கை முறிந்தது.

“ஏலே செத்த மூதி, என்னையவாலே அடிச்சே?” என்றபடி கண்பத் சரிந்தார்.

செல்லப்பாண்டியின் கை அந்தரத்தில் நின்றது. பூலோகம் அவன் கழுத்தைப் பிடித்து லாரிப் பலகையில் மோதினார். மறுபடியும் மோதினார். பல் ஒன்று தரையில் விழுந்தது.

“அண்ணாச்சி, மார் மார்னு கேட்டுச்சு. நீங்க ஐயோன்னு கத்துனீய. நான் என்னத்த நெனைக்க?”

“வேலைன்னா வேற எப்படிலே சொல்லுவான்?”

“அவன விடு,” என்று கண்பத் தரையிலிருந்து முனகினார். “சீலப் போடு. சீலோட வாய் ஆயில் பக்கம் பாக்கணும். ஆத்திரத்துல திருப்பிப் போட்ராதே.”

வேட்டியைக் கிழித்து அவர் தலையைக் கட்டினார்கள். பழைய சீலை நெம்பி எடுத்துப் புதியதைத் தட்டி இறக்கும்வரை, வாயிலிருந்து ரத்தம் வழிய, செல்லப்பாண்டி விளக்குப் பிடித்தான். பட்டறையைப் பார்த்துக்கொள்ள அவனையே நிறுத்திவிட்டுப் பூலோகம் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்பத் பக்கத்தில் சாய்ந்துகொண்டார்.

சூனாபட்டி அருகே சாலையில் கைவண்டி எரிந்துகொண்டிருந்தது. நூறு பேருக்கு மேல் நின்றார்கள். பிரேக்கை மிதித்தார். லாரி இம்மியும் விலகாமல் நேராக நின்றது. கம்பியோடு ஒருவன் படியில் ஏறி, கண்பத்தின் தலைக்கட்டைப் பார்த்து மராத்தியில் கேட்டான்:

“யார் அடிச்சது?”



“மதராசிங்க,” என்றார் கண்பத். “தாராவியில.”

“இவன்?”

“நம்ம ஆளு.”

கூட்டம் உறுமியது. கைவண்டியை இழுத்து வழிவிட்டார்கள். லாரி நகர்ந்ததும் பூலோகம் கண்ணாடியில் பார்த்தார். மொத்தக் கூட்டமும் தாராவிப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வண்டியைத் திருப்பவில்லை.

திலக் நகரில் பின்அறைக் கதவைத் திறந்தபோது செண்பகவல்லி அரிவாள்மணையோடு நின்றாள். மராத்திக் குரல் கேட்டதும் கண்பத்தின் மேல் ஓங்கினாள். பூலோகம் மணிக்கட்டைப் பிடித்துத் திருகி அவளை வண்டியில் ஏற்றினார். பிள்ளைகளை லாரியில் கிடந்த தோல்கட்டுகளுக்கிடையில் படுக்கவைத்து, குர்லா சுற்றித் திரும்பினார்.

பட்டறை கரிக்கட்டையாகக் கிடந்தது. செல்லப்பாண்டி சாக்கடையோரம் கிடந்தான். உயிர் இருந்தது, ஒரு கால் நசுங்கிவிட்டது. கூட்டத்தை ஏவியது யார் என்று சந்துக்குத் தெரிந்திருந்தது; லாரிக்காரன் மண்டையை உடைத்ததற்குப் பதில் இது என்று சொல்லிக்கொண்டேதான் வந்தவர்கள் அடித்திருக்கிறார்கள். கண்பத்தை இறக்கச் சொல்லிச் சந்துத் தமிழர்கள் கல்லோடு சூழ்ந்தார்கள்.

பூலோகம் சக்கரம் கழற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு லாரிக் கதவை மறித்து நின்றார்.

“அவன் சொன்ன சொல்லுலதான் எங்கக்கா உசிரோட வந்து எறங்குனா. அவன் சொல்லும்போது நானும் பக்கத்துல வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். அடிக்கணும்னா என்னையும் சேத்து அடிங்கலே.”

ஒரு கல் வந்தது. அவரது இடது புருவம் கிழிந்தது. எறிந்தவன் யாரென்று அவர் பார்த்துவிட்டார். அந்தப் பெயரைப் போலீசிலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைக்காமல் கம்பியை ஓங்கியபடி நின்றார். இரண்டாவது கல் வரவில்லை.