டைகருக்குப் பிறகுதான் குழந்தை

நீலசந்திராவில் எங்கள் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதுதான் பவுனம்மாவின் பிழைப்பு. என் மூக்கையும் அவர்தான் நீவி நேராக்கினார்; மற்றபடி என்னை நேராக்க யாராலும் முடியவில்லை.

தொண்ணூற்றெட்டில் ஆட்டோக்கார அசோகனின் நாய் டைகர் சுவரேறிக் குதித்துப் பின்னங்காலைச் சுளுக்கிக்கொண்டது. தினமும் நீவிவிடச் சொன்னார் நாய் டாக்டர். அசோகன் அதைப் பவுனம்மாவிடம் தூக்கி வந்தார். அவர் அதைக் குழந்தையைப் போலவே தன் நீட்டிய கால்கள்மேல் கிடத்தி, தொடையிலிருந்து பாதம்வரை மெதுவாக நீவினார். முடித்ததும் பழக்கதோஷத்தில் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் வைத்துவிட்டார். விழுந்து விழுந்து சிரித்தது நான்தான். மறுநாள் மை டப்பாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

எதிர்வீட்டு வீணா அக்காவின் மாமியார் பவுனம்மாவின் வாசலில் வந்து கத்தினார்.

"நாயத் தொட்ட கையால எங்க பேரனத் தொடுவியா?"

"சோப்பு போட்டுக் கழுவிக்கிட்டு வரேன். நாயக் கைவிடமாட்டேன். வேணாம்னா போம்மா."

அதன்பிறகு ஒரு வீடும் அவரைக் குழந்தை குளிப்பாட்டக் கூப்பிடவில்லை. பவுனம்மா ஒளியவில்லை. வீட்டுக்குள் டைகருக்குச் செய்ததைத் தெருக்குழாய் பக்கத்தில், எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் செய்தார். டைகர் காலை ஊன்றத் தொடங்கியது.

ஒருநாள் வீணா அக்காவே கைக்குழந்தையோடு வந்து நின்றார்.

"வேற ஆள் தொட்டா வீல்னு கத்துறான் ஆயா. அத்தை என்ன வேணா சொல்லட்டும்."

பவுனம்மா டைகரின் காலை நீவியபடியே சொன்னார்.

"உக்காரு கண்ணு. இவன் முன்னாடியே வந்துட்டான்."

வீணா அக்கா குழாயடியிலேயே உட்கார்ந்தார். டைகர் அவசரமே இல்லாமல் நல்ல காலையும் நீட்டியது.